நடந்து வந்த தைலம்

எங்கள் காக்ஸ் டவுன் தெருவில் தைலம் என்று சொன்னால் எந்தத் தைலம் என்று கேட்க வேண்டும். தலைவலிக்கு மூக்கு எரியத் தேய்ப்பதும் தைலம், மூட்டுக்குக் காய்ச்சுவதும் தைலம். பிள்ளைக்குச் சளி பிடித்தால் தலையணையில் சொட்டுவதும் அதுதான். மாமியாரோடு சண்டை போட்ட மருமகள் நெற்றியில் அப்பிக்கொண்டு படுத்துவிட்டால் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாதா கோவில் சாமியார் சின்னச் சிமிழில் கொண்டுவந்து, நோயாளியின் நெற்றியிலும் உள்ளங்கையிலும் இடுவது. பழைய ஆட்களுக்கு அது அவஸ்தைப் பூசுதல், சாகப்போகிறவர்களுக்குக் கடைசியாகச் செய்வது. "சாவுக்கு இல்லம்மா, நோய்க்கு ஆறுதல்" என்று சாமியார் பூசைக்குப் பூசை சொல்லத்தான் செய்கிறார். ஆனால் அவர் ஸ்கூட்டர் யார் வாசலில் நின்றாலும் நாங்கள் அடுப்பை அணைத்து, சேலை மாற்றித் தயாராகிவிடுவோம்.

தொண்ணூற்றேழில் எதிர்வீட்டுச் சின்னப்பாவுக்கு ஈரலில் புற்று வந்தது. மனைவி வேதநாயகி அவரிடம் வெறும் வாயு என்று சொல்லியிருந்தாள். தெருவே ஆளுக்கொரு தைலத்தோடு போய், ஆளுக்கொரு பொய் சொல்லித் திரும்பியது. நானும் நீலகிரித் தைலத்தோடு போனேன். கொஞ்சம் வேடிக்கை பார்க்கவும்தான்.

வேதநாயகி வெந்நீர் வைக்க உள்ளே போனதும் சின்னப்பா என் கையைப் பிடித்தார்.

"அக்கா, சாமியார வரச் சொல்லுங்க. பூசாம போறதுக்கு பயமாக்கீது."

"வாயுவுக்கு எதுக்குப்பா சாமியாரு?"

"நீங்களுமாக்கா?"

சமையலறைக்குப் போனேன். "அவருக்குத் தெரியும்டி. பூசணும்னு கேக்குறாரு."

"தெரியாதுக்கா. அந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டா அப்பவே உசுர விட்டுடுவாரு. நீங்க கம்முனு இருங்க."

அந்த வாரம் முழுக்க இழுத்தடித்தாள். ஞாயிறு காலை அவருக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியதும் என்னை உட்காரவைத்துவிட்டு, தானே கோவிலுக்கு ஓடினாள். அதுவரை சரி. அங்கே போய், "வண்டி வேணாம் சாமி, நடந்து வாங்க. சும்மா பாக்க வந்த மாதிரி வாங்க" என்று கெஞ்சியிருக்கிறாள். இளகிய மனசு, முட்டிவலி, இரண்டும் உள்ள மனிதர். சரி என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைத் தெரு, கேட்க வேண்டுமா? கறி வாங்கி வருகிறவர்கள் எல்லாம் "தோத்திரம் சாமி" என்று நிறுத்தினார்கள். எதற்குப் போகிறார் என்று சொல்லவும் வேதநாயகிக்கு வாய் வரவில்லை. யாரோ புது மொபெட்டை மந்திரிக்கச் சொல்ல, அதையும் மந்திரித்தார். அவர்கள் நடந்து வருவதைக் கறி வாங்கி வந்த பையன் ஒருவன் என் காதில் சொல்லிவிட்டுப் போனான்.

"இன்னும் வர்ல?" என்றார் சின்னப்பா.

"வந்துட்டே இருக்காருப்பா."

"வண்டிச் சத்தம் கேக்கலியே."

"நடந்து வராரு."

என்னைப் பார்த்தார். "முட்டிவலிக்காரரு இன்னாத்துக்கு நடக்கணும்? யாரும் கூப்புடவே இல்ல."

நான் அவரிடம் சொன்ன ஒரே நிஜம் அந்த "நடந்து வராரு"தான். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அவர்கள் இருவரும் வாசலுக்கு வந்தபோது நான் அவர் இமைகளை மூடி நேரமாகியிருந்தது. சாமியார் குனிந்து பார்த்தார், சிமிழைத் திறக்கவில்லை.

"செத்தவங்களுக்குப் பூசுறதில்லம்மா. ஜெபம் பண்றேன்."

"உடம்பு சூடாத்தான் இருக்கு சாமி, தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். பிறகு ஜெபத்தைத் தொடங்கினார். அது முடியும்வரை வேதநாயகி புருஷனின் உள்ளங்கையை விரித்து சாமியார் பக்கமாக நீட்டிப் பிடித்திருந்தாள்.