ஏறி இறங்கும் எண்கள்

திரையில் இருந்த ஆறைப் பிடித்து அவன் தலைகீழாகத் திருப்பினான். அழகான ஒன்பது ஒன்று வந்து உட்கார்ந்தது. அடச்சே, இவ்வளவுதானா சங்கதி, இதற்கா காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். மூன்று நாளாக இதே வேலை. புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது அவன் தொழில். இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறான். ஆனாலும் எண்களுக்காக மூன்று நாள் செலவழித்தது இதுதான் முதல் தடவை. அவன் எடுத்திருந்த தமிழ் எழுத்துருவில் எல்லா எண்களும் ஒரே உயரம். சாதாரணப் புத்தகம் என்றால் யாரும் கவனிக்கப்போவதில்லை. இது வரிக்கு நாலு எண் வருகிற புத்தகம். பக்கத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் சுவரில் ஆணி அடித்த மாதிரி துருத்திக்கொண்டு நின்றன. ‘ழு’வுக்குக் கீழே கால் இருக்கிறது, ‘கி’க்கு மேலே கொண்டை இருக்கிறது, எண்ணுக்கு மட்டும் என்ன கேடு வந்தது என்று அவனுக்கு ஆத்திரம். அந்தக் காலத்துப் புத்தகங்களில் எண்கள் இப்படி விறைத்துக்கொண்டு நிற்காது. சைபரும் ஒன்றும் இரண்டும் குள்ளமாக இருக்கும், ஆறும் எட்டும் தலையைத் தூக்கும், மற்றதெல்லாம் வரிக்குக் கீழே காலைத் தொங்கப் போட்டுக்கொள்ளும்.

யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகக் கிடைத்த வேறொரு எழுத்துருவில் அந்த மாதிரி எண்கள் இருந்தன. பத்தையும் எடுத்து, பருமனைக் குறைத்து, தமிழ் எழுத்துக்குப் பக்கத்தில் பாந்தமாக உட்காரும்படி ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினான். ஒன்பது மட்டும் வயிறு உப்பிப்போய் அசிங்கமாக இருந்தது. அதைத் தூக்கிக் கடாசிவிட்டுத்தான் ஆறைத் திருப்பினான். எழுத்துருவுக்குள் எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு, இரண்டையும் இரண்டு கட்டத்தில் போட்டு, புத்தகம் முழுவதும் இனி இந்த எண்களே வரட்டும் என்று கணினிக்குச் சொன்னான். நானூற்றுச் சொச்சம் பக்கமும் ஒரே நொடியில் மாறின.

அச்சடித்துப் பார்த்தான். வழக்கம்போலத் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தான். அது அவனுடைய பழக்கம். நேராகப் பிடித்தால் கண் படிக்க ஆரம்பித்துவிடும், படிக்க ஆரம்பித்தால் எங்கே இடைவெளி விழுந்திருக்கிறது, எங்கே இடிக்கிறது என்பது தெரியாது. அவன் பக்கம் அமைத்த புத்தகம் ஆயிரத்துக்கு மேல் இருக்கும், படித்தது பத்துகூடத் தேறாது. தலைகீழாக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தான். ஆறும் ஒன்பதும் கச்சிதமாக இருந்தன. ஒரு பிரதியைக் கட்டி அக்காவுக்கு அனுப்பிவைத்தான்.

இந்தப் புத்தகத்தை அவன் படிக்காமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது அத்தானுடைய நாட்குறிப்பு. அத்தான், அதாவது அக்காவின் கணவர், வானிலை நிலையத்தில் மழை அளக்கிற வேலை பார்த்தவர். தினமும் காலை எட்டு மணிக்கு மழைமானியைத் திறந்து எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து அலுவலகப் பதிவேட்டில் எழுதுவார். அதையே வீட்டில் தன் நோட்டிலும் எழுதி, பக்கத்திலேயே வீட்டுச் சமாச்சாரம் ஒரு வரி சேர்ப்பார். ‘மழை 12. அவளுக்கு இருமல்.’ ‘மழை 0. பூனை குட்டி போட்டது, 4.’ இப்படி முப்பத்தோரு வருடம். மனுஷர் வாய் திறந்தால் கேலிதான். மச்சினனுக்கு அவர் வைத்த பெயர் ‘ரசமட்டம்’. கொத்தனார் சுவர்மேல் வைத்து மட்டம் பார்ப்பாரே, அந்தக் கருவி. அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, பதினாறு வயதுப் பையனாக இவன் எல்லார் முன்னாலும் எழுந்துபோய் சுவரில் கோணலாக இருந்த படத்தை நேராக்கிவிட்டு வந்து உட்கார்ந்தானாம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் வேலையைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று வருத்தப்பட்டவரும் அவர் ஒருவர்தான்.

அந்த அத்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் படுத்தபோது அக்கா இவனுக்கு மூன்று தடவை போன் செய்தாள். “ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போடா, உன்னையே கேட்டுக்கிட்டு இருக்கார்.” இவன், “இந்த ஒரு புத்தகத்த முடிச்சுட்டு ஓடி வந்துடறேன்க்கா” என்றான். அப்புறம் கடைசிக் கட்டத்தில் எப்போதும் செய்வதுபோலப் போனை அணைத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டான். எட்டாம் தேதி மாலை வெளியே எடுத்தபோது அதில் முப்பது அழைப்புகள் இருந்தன. ஒன்பதாம் தேதி போய் நின்றபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அத்தான் ஆறாம் தேதியே போய்விட்டார். அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. “வாங்க” என்றாள். அவ்வளவுதான். கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனவள், அன்றிலிருந்து தம்பியை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டாள். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நோட்டுகளையெல்லாம் ஒரு வருடம் இரண்டே விரலால் தட்டச்சு செய்து அனுப்பியபோதும், “நீங்கதான் நல்லாச் செய்வீங்கன்னு சொன்னாங்க” என்றாள், யாரோ மூன்றாம் மனிதர் சொல்லித் தெரிந்துகொண்ட மாதிரி. அதனால்தான் இந்த மூன்று நாள் மெனக்கெடல். வாயால் கேட்க முடியாத மன்னிப்பை எண்களை வைத்தாவது கேட்டுவிடலாம் என்று ஒரு நப்பாசை.

பிரதி போய்ச் சேர்ந்த மறுநாள் காலை அக்கா முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றாள். ஒரு தோளில் கைப்பை, இன்னொரு கையில் நோட்டுகள் அடைத்த துணிப்பை. மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. தண்ணீர் கொண்டுவரப் போனவனை நிறுத்தி, புத்தகப் பிரதியை மேசைமேல் பொத்தென்று போட்டுக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

“என்னடா இது?”

‘டா’ என்றதும் அவனுக்கு ஒரு கணம் உள்ளே குளிர்ந்துவிட்டது, விஷயம் என்னவென்று தெரியாமலே. அக்கா விரலை வைத்த இடத்தில் பார்த்தான். முதல் தடவையாக நேராகப் பிடித்துப் படித்தான்.

‘9. காலை 8. மழை இல்லை. 8.40க்கு அவர் போய்விட்டார்.’ நாலு வரி தள்ளி, ‘6. மழை இல்லை. தம்பி வந்தான்.’

“தேதிய மாத்திட்டா நீ வந்தவன் ஆயிடுவியா? வர்றவன் போறவன் படிச்சா, ஆகா, தம்பி மூணு நாள் முன்னாடியே வந்து அத்தான பாத்துட்டான்னு நெனப்பாங்க, இல்ல?”

“ஐயோ அக்கா, சத்தியமா நான் ஒரு எழுத்தக்கூடத் தொடல.”

“தொடாம எப்படிடா மாறும்? நான் மருந்துக்கடையில முப்பது வருஷம் நின்னவ. ஆறு மாத்திரையும் ஒன்பது மாத்திரையும் எனக்குத் தெரியாதா? அடிக்கறப்ப ஒவ்வொரு எண்ணையும் மூணு தரம் பாத்துத்தான் அடிச்சேன்.”

அவன் அவள் அனுப்பியிருந்த கோப்பைத் திறந்தான். அதில் ஆறு ஆறாகவே இருந்தது. ஒன்பது ஒன்பதாகவே இருந்தது. பிறகு எழுத்துருவைத் திறந்தான். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. திருப்பிய எண்ணை ஆறின் கட்டத்திலும், ஆறை ஒன்பதின் கட்டத்திலும் போட்டுவைத்திருக்கிறான். புத்தகம் முழுக்க எங்கெல்லாம் ஆறு உண்டோ அங்கெல்லாம் ஒன்பது. தலைகீழாகப் பிடித்துப் பார்த்த மகானுபாவனுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது! சொல்லிப் பார்த்தான். கட்டம், திருப்பல், தலைகீழ் என்று அவன் உளறியதில் ஒன்றும் அக்காவின் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் பிரதியின் முதல் பக்கங்களைப் புரட்டி ஒரு வரியைக் காட்டினான்.

“இதப் படி அக்கா.”

அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். “1669இல் எங்களுக்குக் கல்யாணம்.” நிறுத்தினாள். மறுபடியும் படித்தாள். 1996இல் நடந்த கல்யாணம். உதட்டை இறுக்கிக்கொண்டுதான் இருந்தாள், ஆனாலும் முடியவில்லை, மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது. “அடப்பாவி. முன்னூறு வருஷத்துக்கு மேலயா அந்த மனுஷனுக்குச் சமைச்சுப் போட்டிருக்கேன்?”

“ரசமட்டமே சாஞ்சு போச்சுன்னு சொல்லியிருப்பார்க்கா.”

சொல்லியிருக்கக் கூடாது. சிரிப்பு நின்றுவிட்டது. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். துணிப்பையிலிருந்து மேலாக இருந்த நோட்டை எடுத்து அவன்முன் வைத்தாள். “உன் மிஷினை நம்ப மாட்டேன். நோட்டப் பாத்து நீ வாயால படி, நான் தாள்ல சரி பாக்கறேன். கடைசி நோட்டுலேருந்தே ஆரம்பி.”

அவன் ஆறையும் ஒன்பதையும் இடம் மாற்றினான். இரண்டு சொடுக்கு வேலை. கடைசி நாலு பக்கத்தை அச்சடித்து அவளிடம் கொடுத்துவிட்டு நோட்டைத் திறந்தான். அது ஆஸ்பத்திரியில் எழுதியது. கையெழுத்து வரியை விட்டுச் சரிந்துகொண்டே போயிருந்தது.

“1. காலை 8. மழை தெரியவில்லை. ஜன்னல் மூடியிருக்கிறது.”

“ம்.”

“2. மழை 3. ஜன்னலில் டம்ளர் வைத்து அளந்தது. நர்ஸ் திட்டினாள்.”

“ம். அந்த டம்ளர் இன்னும் இருக்கு.”

“3. மழை 0. ரசமட்டம் இன்று வருவான்.” அவன் விரல் அந்த வரியிலேயே நின்றது. இந்த வரிகளைப் பிரித்து, அடுக்கி, இடைவெளி சரிசெய்து பத்து நாளாகக் கையாண்டவன் அவன்தான். ஒன்றும் கண்ணில் பட்டதில்லை.

“படி.”

“4. மழை 2. ரசமட்டம் நாளை வருவான்.”

“ம்.”

“5. மழை 1. இந்த அறையின் ஜன்னல் சட்டம் கோணல். படுத்தபடி பார்த்தால் நன்றாகத் தெரிகிறது. யாரிடமும் சொல்லவில்லை. ரசமட்டம் வந்து கண்டுபிடிக்கட்டும்.”

அதற்குமேல் அவனால் படிக்க முடியவில்லை. நோட்டின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குலுங்கி அழுதான். நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளை அழுகிற சத்தம் அந்தச் சின்ன அறைக்கு அதிகமாக இருந்தது. அக்கா எழுந்து வரவில்லை. கையிலிருந்த பென்சிலை மேசைமேல் உருட்டிக்கொண்டே இருந்தாள். கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் திரும்பத் திரும்ப உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும்” என்றான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “நீ வந்து காட்டினப்ப, 6, தம்பி வந்தான்னு பாத்தேன் இல்ல? சத்தியமா நான் மாத்தல. ஆனா ஒரு நிமிஷம், இப்படியே இருந்துட்டா எவ்வளவு நல்லாருக்கும்னு தோணுச்சு.”

“எனக்கும்தான்” என்றாள் அக்கா. சொன்ன பிறகு தானே திடுக்கிட்டவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அதான்டா கோவம். ராத்திரியெல்லாம் அந்தப் பக்கத்த மூடவே இல்ல.” பென்சிலை மறுபடி எடுத்துக்கொண்டு, “மீதியப் படி. பாதில நிறுத்தாத” என்றாள்.

ஆறாம் தேதியிலிருந்து கையெழுத்து அக்காவுடையது. அவன் படித்தான். அவர் போனது. ஏழாம் தேதி மழை பதினொன்று, வீட்டு வாசலில் டம்ளர் வைத்து அளந்தது. எட்டு, மழை இல்லை. துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் நிறைந்த வீட்டில், காலை எட்டு மணிக்கு டம்ளரோடு வாசலுக்குப் போய் நின்றிருக்கிறாள் மகராசி.

“9. மழை இல்லை. தம்பி வந்தான்.”

அதற்குப் பிறகு நோட்டில் வெறும் கோடுகள்.

அக்கா தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். “ஏன்டா, இந்த ஒன்பது மட்டும் ஏன் கீழ இறங்கி நிக்குது?”

“அது அப்படித்தான்க்கா. அதுக்குக் கால் கீழதான் தொங்கும். வேண்டாம்னா பழையபடி எல்லாத்தையும் ஒரே மட்டமா ஆக்கிடறேன்.”

“வேண்டாம். இருக்கட்டும்.” பென்சிலால் அந்த வரிக்குப் பக்கத்தில் சின்னதாகச் சரி போட்டாள். பிறகு, “நீ எப்படிப் பாப்ப? தலைகீழாவா?” என்று கேட்டுக்கொண்டே தாளை மேசைமேல் வைத்து, இரண்டு கையாலும் மெல்ல அரைச் சுற்றுச் சுற்றித் தலைகீழாக்கினாள். குனிந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அவள் இருந்த பக்கத்திலிருந்து அந்த ஒன்பது ஆறாகத் தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த தம்பிக்குத் தாள் நேராக இருந்தது, ஒன்பது வரிக்குக் கீழே காலைத் தொங்கவிட்டிருந்தது.