நாலு விரல் நகரும் சுவர்

2020ஆம் ஆண்டு ஐப்பசி பிறந்தபோது, சமயநல்லூரில் நல்லகாமன் வீட்டு நடுச்சுவர் அவருடைய பக்கமாக எட்டரை அடி நகர்ந்திருந்தது. மேலே கான்கிரீட்டில் விரிசல் இல்லை, கீழே டைல்ஸில் கீறல்கூட இல்லை. பார்க்க வந்த இன்ஜினியர் சுவரைத் தட்டிப் பார்த்து, டீ குடித்துவிட்டு, நல்ல கட்டுமானம் என்று சொல்லிப் போனார்.

நல்லகாமன் சீஷெல்ஸில் ஓர் ஓட்டலில் ஏசி மெக்கானிக். தம்பி பாண்டியராஜன் மாலத்தீவில் ஒரு விடுதியின் சமையல்காரர். ஒரே கூரையின் கீழ் ஆளுக்குப் பத்தடி அகலத்தில் இருவரும் வீடு கட்டியது அதற்கு முந்தின ஆண்டு. கடைக்காலில் நவதானியத்தோடு காசு போடுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். வெளிநாட்டுப் பவிசு சும்மா விடுமா? அண்ணன் ஒரு சீஷெல்ஸ் ரூபாயைப் போட்டார், தம்பி மாலத்தீவுக் காசான ஒரு ருஃபியாவைப் போட்டார். "நம்மூரு ஒத்த ரூவாயப் போடுங்கப்பா" என்று கொத்தனார் விருமாண்டி சொன்னதற்குச் சிரித்தார்கள். இரண்டு நாட்டுக் காசுகளை ஒரே குழியில் போட்டால் அவை ஒன்றையொன்று விலை பேசிக்கொண்டே கிடக்கும் என்பது அன்று யாருக்கும் தெரியாது.

பங்குனியில் கொரோனா வந்து விமானங்கள் நின்றன. டாலரோடு கட்டிப்போட்டிருந்த ருஃபியா அசையவில்லை. சுற்றுலாவை நம்பியிருந்த சீஷெல்ஸ் ரூபாய் சரியத் தொடங்கியது. பொங்கலுக்கு வந்துபோன நல்லகாமனால் மறுபடி வர முடியவில்லை. அவர் மனைவி முத்துத்தாய் அப்போது முழுகாமல் இருந்தாள். சித்திரையில் ஒருநாள் பீரோவின் கதவு பாதிதான் திறந்தது. சுவருக்கு அரிசி மூட்டையை அணைகொடுத்துப் பார்த்தாள். மறுநாள் மூட்டையும் சேர்ந்து நகர்ந்திருந்தது. காரணத்தைக் கண்டுபிடித்தவள் தம்பி மனைவி கனகலட்சுமி. டைல்ஸில் பென்சிலால் போட்டுவைத்த கோடுகளையும், அந்த இரண்டு காசுகளுக்கும் இடையே நாள்வாரியாக இருந்த மதிப்பைக் காட்டும் செல்போன் வரைபடத்தையும் ஒப்பிட்டாள். ருஃபியா கணக்கில் சீஷெல்ஸ் ரூபாய் ஒரு பைசா இறங்கினால் சுவர் நாலு விரல் நகர்ந்தது. கணக்கு தெரிந்த பிறகு பயம் இரட்டிப்பானது. முன்பு சுவரை மட்டும் பார்த்துப் பயந்தார்கள், இப்போது போனைப் பார்த்தும் பயந்தார்கள்.

ஆடியில் கட்டிலைத் தூக்கி மொட்டை மாடியில் போட்டார்கள். ஆவணியில் பீரோவும் போயிற்று. கனகலட்சுமியின் கூடமோ கல்யாண மண்டபம் மாதிரி விரிந்துகொண்டே போனது. அந்த இடத்தில் ஒரு நாற்காலி போடக்கூட அவளுக்கு மனம் வரவில்லை. பெரியவளின் மூச்சுமுட்டலின் மேல் உட்காருவது போலிருந்தது.

"இங்கிட்டு வந்து படுத்துக்கங்கக்கா" என்று தினமும் கூப்பிட்டாள்.

"எம் பாகம் தீரட்டும், வாரேன்" என்றாள் முத்துத்தாய். வீம்புக்காரி. புருசன் சம்பாத்தியத்தின் மதிப்பு இவ்வளவுதான் என்று ஊர் பேசிவிடக்கூடாதே என்ற வேதனை அவளுக்கு. பின்னால் துருத்திக்கொண்டிருந்த அடுப்படிக்குச் சுவர் எட்டவில்லை என்பதால் அங்கேயே படுத்தாள். அடுப்படிக்குப் பின்வாசல் கிடையாது. தெருவுக்கு வர வேண்டுமென்றால், நடுச்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே நாளுக்கு நாள் இறுகும் சந்தில் ஒருக்களித்துத்தான் வரவேண்டும்.

ஐப்பசியில் ஒருநாள் காலை அவளுக்கு வலி கண்டது. எழுந்து வந்தாள். வயிறு சந்துக்குள் நுழையவில்லை. "லட்சுமி, என்னால வர முடியலடி" என்ற குரல் சுவர் வழியாகக் கேட்டது. கனகலட்சுமி ஓடிப்போய் விருமாண்டியைக் கூட்டி வந்தாள். அவர் சம்மட்டியோடு தயங்கி நின்றார்.

"இடிச்சா மேல காங்கிரீட் எறங்கிரும் தாயி."

அந்த நேரம் பார்த்துத்தான் பாண்டியராஜன் மாலத்தீவிலிருந்து போனில் கூப்பிட்டார், விஷயத்தைக் கேட்டதும் கத்தினார். "ஏய், செவரத் தொட்டா ரெண்டு குடும்பத்துக்கும் கூரை இல்ல. இம்புட்டு நாள் பொறுத்தாச்சு. சாயங்காலம் ரேட்டு ஏறுனாலும் ஏறும், பொறு."

"பிள்ள ரேட்டு பாத்தா வருது?" என்று கேட்டுவிட்டு அவள் போனை அணைத்தாள். "இடிங்கண்ணே. எறங்குனா எறங்கட்டும், நானும் இங்கனதான் நிக்கிறேன்."

நின்றாள். கூரை இறங்கவில்லை. ஓர் ஆள் நுழையும் ஓட்டை வழியாக முத்துத்தாயைக் கைத்தாங்கலாக இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள். ஆம்புலன்சில் ஏறும்வரை அவள் கனகலட்சுமியின் கையை விடவில்லை. பிறந்தது பெண். பவதாரிணி என்று பெயர் வைத்தார்கள்.

ஓட்டைக்கு விருமாண்டி நிலை வைத்துக் கொடுத்தார். கதவு வேண்டாம் என்று பெண்கள் இருவரும் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஆண்டு சீஷெல்ஸ் தீவு சுற்றுலாவுக்குத் திறந்தது, சீஷெல்ஸ் ரூபாய் ஏறியது, ஆண்டு முடிவதற்குள் சுவரும் ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்தது. நிலையை அடைத்துவிடலாமா என்று பாண்டியராஜன் கேட்டார். அதற்குள் நிலையின் மேல்கட்டையில் தொட்டில் கட்டியாகிவிட்டது. அதன்பின் சுவர் யார் பக்கம் எத்தனை விரல் போனாலும் பிள்ளையும் கூடவே போயிற்று. அந்த அசைவில் பவதாரிணி அயர்ந்து தூங்கினாள். அவளுக்குப் பிறகு கனகலட்சுமியின் மகன் அதே தொட்டிலில் கிடக்கிறான்.

ஒரே ஒரு தொல்லைதான். சனி, ஞாயிறு நாணயச் சந்தைக்கு விடுமுறை. சுவர் நகராது, பையன் கண்ணை மூட மாட்டான். இரண்டு பெண்களும் மாறி மாறி ஆட்டிக் கை ஓய்ந்து, திங்கட்கிழமை காலையில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தக் காசு ஏறினாலும் சரி, ஏதாவது ஒன்று ஏறித் தொலைத்தால் போதும் என்றிருக்கிறது அவர்களுக்கு.