மணல்மேட்டின் முதல் வரிசை

"இப்பத் தோண்டினா பாதி ஆள்தான் போயிருப்பாரு. மீதி ஆளை நான் என்ன பண்றது?"

"மெதுவாப் பேசுங்க லியாவ் அண்ணே. அவருக்குக் கேக்கப் போகுது."

"கேக்கட்டும். உயிரோட இருந்தப்ப என்னைக்கு நான் சொன்னதைக் கேட்டாரு?"

சுலான் தலையில் சுற்றியிருந்த துணியின் நுனியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கணவனின் கல்லறை முன்னால் சிரிக்கிறோமே என்று உடனே நிறுத்தினாள். காலையில் சிப்பி உடைத்த வாடை அவள் கையிலிருந்து இன்னும் போகவில்லை. லியாவ் வெற்றிலைப்பாக்குச் சாற்றை மணலில் துப்பிவிட்டு, அந்தச் சிவப்பைக் காலால் மூடினார். எலும்பெடுப்பது அவர் தொழில். புதைத்து ஆறேழு வருடம் கழிந்த பிறகு கல்லறையைத் திறப்பார். எலும்புகளைத் துடைத்து வெயிலில் காயவைத்து, கால்விரலில் தொடங்கி மண்டையோட்டில் முடியும்படி ஒரு சாடிக்குள் அடுக்குவார். சாடிக்குள் மனிதர் உட்கார்ந்திருப்பதுபோல இருக்க வேண்டும்.

அவள் கணவன் ஜின்ஷுய் மண்ணுக்குள் போய் மூன்று குளிர்காலம்தான் ஆகியிருந்தது.

சற்றுத் தள்ளி, மணல்மேட்டின் விளிம்பில், கடலரிப்பை ஆராயும் ஆசிரியை ஹான்யிங் அளவுக்கம்பை ஊன்றி நின்றாள். கம்பின் உச்சியில் இருந்த கருவி வானத்துச் செயற்கைக்கோள்களிடம் தான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தது. பின்னால் இருவரும் பேசுவது அவள் காதில் விழுந்தது. ஆனாலும் திரும்பவில்லை. அவள் காலடியில் மேடு செங்குத்தாக வெட்டுப்பட்டு இறங்கியது. கீழே கடற்கரையில் சிமெண்ட் துண்டுகளும் பச்சை ஓடுகளும், பெயர் தேய்ந்த ஒரு கல்லும் கிடந்தன. அவை போன குளிர்காலம்வரை இரண்டு வரிசைக் கல்லறைகளாக இருந்தவை. அலையைத் தடுக்க அவற்றின் அடியில் ஊர்க்காரர்கள் சிப்பி ஓட்டை மூட்டை மூட்டையாகக் கட்டி அடுக்கியிருந்தார்கள். முதல் அலையிலேயே சாக்குகள் கிழிந்துவிட்டன. மூன்றாவது வரிசையில் இருந்த ஜின்ஷுய் இப்போது முதல் வரிசைக்கு வந்திருந்தான்.

புயல் தெற்கே லூசான் தீவுக்குக் கிழக்கே இருப்பதாக வானொலி சொன்னது. அது வருவதற்குள் கரை முழுவதையும் அளந்துவிட வேண்டும் என்றுதான் அவள் விடியும் முன்பே தைநானிலிருந்து காரில் புறப்பட்டாள். புயலுக்குச் சற்று முன்னால் ஓர் அளவு, அடங்கியதும் இன்னோர் அளவு. இத்தனை வருட ஆராய்ச்சியில் இரண்டும் அவளுக்கு ஒருசேரக் கிடைத்ததில்லை. வழியெல்லாம் அவள் சந்தோஷமாக இருந்தாள். மேட்டின்மேல் மண்வெட்டியோடு நின்ற லியாவையும் அவர் அருகே சுலானையும் பார்த்த கணத்தில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

"டீச்சர்," என்று சுலான் கூப்பிட்டாள். "இந்த மேடு நிக்குமா?"

ஹான்யிங் இப்போது திரும்பியாக வேண்டியிருந்தது. "நிக்கலாம் அக்கா."

"நிக்கலாம்னா?"

"புயல் வடக்கால திரும்பிட்டா நிக்கும். திரும்பலன்னா, அலை எந்த நேரத்துல வருதுன்னு பாக்கணும். கடல் ஏத்தமா இருக்கும்போது வந்தா..."

"பாத்தியா," என்றார் லியாவ். "இவங்களும் நம்ம கோயில் பூசாரி மாதிரிதான். மழை பெஞ்சாலும் சொன்னது பலிச்சிடும், பெய்யலன்னாலும் பலிச்சிடும்."

ஹான்யிங்குக்குக் கோபம் வரவில்லை. ஜின்ஷுய் இறப்பதற்கு முந்தைய வருடம் கோயில் முற்றத்தில் திரை கட்டித் தான் ஊருக்குப் படம் காட்டியது அவள் நினைவுக்கு வந்தது. ஆறுகளில் அணை கட்டிவிட்டதால் மணல் வருவதில்லை, மீன்குளங்களுக்காக நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் தரை தாழ்கிறது, கடலோ உயர்கிறது என்று அன்று விளக்கினாள். கடைசியில் ஒருவர் எழுந்து, அதெல்லாம் இருக்கட்டும், வருடத்துக்கு எவ்வளவு கரை போகும் என்று கேட்டார். சராசரியாக இரண்டு மீட்டர் என்றாள். கரையை வானிலிருந்து எடுத்த பழைய படங்களை எல்லாம் ஒப்பிட்டுக் கண்ட கணக்கு அது. தப்பான கணக்கும் இல்லை.

அவள் மனதில் ஓடுவது தெரிந்ததுபோல, "நாங்க காலால அளந்து பாத்தோம்," என்றாள் சுலான். "இங்கேருந்து விளிம்புக்கு அப்ப நாப்பது மீட்டர் இருந்துச்சு. ரெண்டு ரெண்டாப் போனா இருபது வருஷம். எலும்பெடுக்க ஆறு வருஷம் போதும். இவரோட அண்ணன் ஊருக்கு உள்பக்கமா வைக்கலாம்னுதான் சொன்னாரு. நான்தான் இங்க காத்து நல்லா வரும்னு சொல்லி வெச்சேன்."

"சராசரின்னா வருஷா வருஷம் அதே அளவு போகும்னு அர்த்தம் இல்ல அக்கா. நாலு வருஷம் ஒண்ணுமே போகாது. அப்புறம் ஒரே நாள்ல எல்லாம் போயிடும். வெளியே கடல்ல இருந்த மணல்திட்டு அலையைத் தடுத்துட்டு இருந்துச்சு. போன குளிர்காலத்துல அது உடைஞ்சுது. அதுக்கப்புறம்..."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. சந்தையில் நேற்றே வந்திருந்தால் மலிவாகக் கிடைத்திருக்கும் என்று சொல்வார்களே, அப்படிச் சொன்னாள். ஹான்யிங் கம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். காற்று திசை மாறி வீசத் தொடங்கியிருந்தது. விளிம்பிலிருந்து மணல் சிறு சிறு ஓடைகளாகக் கீழே வழிந்தது.

"படகு கவிழ்ந்தப்ப எட்டு நாள் கடல்லயே கெடந்தாரு டீச்சர்," என்றாள் சுலான். "மதகுகிட்ட ஒதுங்கினப்ப சட்டையை வெச்சுத்தான் அடையாளம் கண்டேன். கடல் ஒரு தடவை திருப்பிக் குடுத்துச்சு. இன்னொரு தடவை குடுக்கும்னு எனக்குத் தோணல."

லியாவ் மண்வெட்டியை மணலில் குத்தி அதன்மேல் சாய்ந்தார்.

"சதை முழுசாப் போகாத ஆளைத் திறந்தா அது வீட்டுக்கு ஆகாதும்மா. நாளைக்கு உன் பையனுக்கு ஒரு தலைவலி வந்தாலும் அவங்க பெரியப்பா என் வாசல்ல வந்து நிப்பாரு. அதனால நான் ஒண்ணு சொல்றேன். உன் வீட்டுக்காரரையே கேளு. அவர் சரின்னா இப்பவே தோண்டறேன். போகாத சதையை நானே கத்தியால சுத்தம் பண்ணிடறேன். வேணாம்னா விட்டுடு."

சுலான் பையிலிருந்து இரண்டு பிறைக்கட்டைகளை எடுத்தாள். இறந்தவரிடம் பதில் கேட்கும், கைபட்டுக் கைபட்டுச் சிவப்புச் சாயம் போயிருந்த மரத்துண்டுகள். ஒன்று கவிழ்ந்து ஒன்று நிமிர்ந்தால் சம்மதம். இரண்டும் கவிழ்ந்தால் மறுப்பு. இரண்டும் நிமிர்ந்து விழுந்தால் அவர் சிரிக்கிறார், பதில் இல்லை என்று பொருள். அவள் மண்டியிட்டு, கட்டைகளை நெற்றிக்குத் தூக்கி, உதடு அசையாமல் எதையோ கேட்டுக் கீழே விட்டாள்.

இரண்டும் நிமிர்ந்தன.

"சிரிக்கிறாரு," என்றார் லியாவ். "கேள்வியைத் தெளிவாக் கேளு."

"புயல் வருது. உங்களை எடுக்கவா?" இம்முறை சத்தமாகவே கேட்டாள்.

மறுபடியும் இரண்டும் நிமிர்ந்தன.

"இருக்கும்போதும் இப்படித்தான். சோறு வாங்கவா, நூடுல்ஸ் வாங்கவான்னு கேட்டா பல்லைக் காட்டுவாரு," என்றாள் சுலான்.

மூன்றாவது முறை ஒரு கட்டை கல்லறையின் சிமெண்ட் விளிம்பில் பட்டுத் துள்ளியது. கவிழ்வதுபோல் போய், மற்றதைப் போலவே நிமிர்ந்தது. லியாவ் கடலைப் பார்த்தார். வெளித்திட்டு இருந்த இடத்தில் இப்போது அலை உடையும் வெள்ளைக் கோடு ஒன்று தோன்றித் தோன்றி மறைந்தது.

அவருக்கு முன்பே ஹான்யிங் அதைப் பார்த்துவிட்டாள். கருவி மெல்ல ஒலியெழுப்பி, இந்தப் புள்ளி பதிவாகிவிட்டது என்றது. அவள் அடுத்த புள்ளிக்கு நகர்ந்திருக்க வேண்டும். இன்று மாலைக்குள் முடிக்க இன்னும் பாதிக் கரை மிச்சம் இருந்தது. மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மேடு நிற்பதற்கும் விழுவதற்கும் ஏறக்குறைய சம வாய்ப்புதான் வந்தது. மறுபடி போட்டாலும் அதுவே வந்தது.

சுலான் கட்டைகளைப் பொறுக்கி, ஒட்டியிருந்த மணலை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தாள். எழுந்து விளிம்புவரை நடந்து வந்தாள். அவள் காலடியில் ஒரு கை அகல மணல் பிய்ந்து விழுந்தது. அவள் பின்வாங்கவில்லை. ஹான்யிங்கின் கையைக் கம்பிலிருந்து மெதுவாகப் பிரித்து, உள்ளங்கையில் கட்டைகளை வைத்தாள்.

"உங்க பேச்சைக் கேட்டுத்தான் இவரை இங்க வெச்சேன் டீச்சர். நான் கேட்டா சிரிக்கிறாரு. நீங்க ஒரே ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க."