மாடிக்குப் போகும் வழி

பல் செட்டு செய்யும் கூடத்தில் வேலை பார்த்ததால் தெருவில் அவளுக்குப் பல்லம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. பகல் முழுக்க யார் யாருடைய வாய்க்கோ கடைவாய்ப் பல் செதுக்குகிறவள், வீட்டுக்கு வந்தாலும் கையைச் சும்மா வைத்திருக்க மாட்டாள். வீட்டில் அவள் செய்தது ஊர். அதுவும் இடிந்துபோன ஊர்.

அவள் புருஷன் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை மதியமானால் அவரும் மருந்துக்கடைக்காரரும் சாப்பாட்டு மேசையைக் காலி செய்துகொண்டு போர் நடத்துவார்கள். கட்டைவிரல் உயரம்கூட இல்லாத சிப்பாய்கள், ஒரு பிடி பகடை, ஒரு இஞ்சு டேப், இவ்வளவுதான் தளவாடம். முன்பெல்லாம் புத்தகத்தை அடுக்கி மலை என்பார்கள், டம்ளரைக் கவிழ்த்துக் கோபுரம் என்பார்கள். அந்தப் பக்கமாகத் துணி எடுத்துக்கொண்டு போன பல்லம்மா ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "ஏங்க, சண்டை போடுறதுக்கு லட்சணமா ஒரு ஊராவது வேண்டாமா?" என்று கேட்டாள். கேட்ட வாயாலேயே தன் கைக்கு வேலை தேடிக்கொண்ட கதையாகிவிட்டது.

தெர்மக்கோலை ஓரடிச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் ஊரின் ஒரு துண்டைக் கட்டினாள். நாலு பக்கமும் தெரு சரியாக நடுவில் வந்து முடியும். ஓரத்தில் குட்டிக் காந்தம் புதைத்திருப்பாள். அதனால் எந்தப் பலகையை எதோடு சேர்த்தாலும் 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும். தெரு எங்கேயும் முட்டிக்கொண்டு நிற்காது. இந்த வாரம் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் இருந்த கால்வாய் அடுத்த வாரம் ரயிலடிக்குப் போய்விடும். பல் அச்சு எடுத்து மிச்சமான மாவில் சுவர், குளிக்கிற ஸ்பாஞ்சைப் பிய்த்துச் சாயம் போட்டால் புதர், காய வைத்த டீத்தூள்தான் உதிர்ந்த இலைச் சருகு. வாத்தியார் டீ வடிகட்டியைத் தட்டப் போனால் குறுக்கே அவள் கை நீளும்.

விளையாட்டில் அவளுக்கு ஆர்வம் இல்லை. ஒரே ஒரு சட்டம்தான் போட்டிருந்தாள்: "சிப்பாயை நீங்க தொடுங்க, ஊரை நான் மட்டும்தான் தொடுவேன்."

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மருந்துக்கடைக்காரர் மேசை மட்டத்துக்குக் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, தன் சிப்பாய்க்கு எதிரி தெரிகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே நிமிராமல், "தங்கச்சி, இந்த ஏணி புதுசா? நல்லா இருக்கே" என்றார்.

"எந்த ஏணி?"

"இந்த மூலை வீட்டுக்குப் பின்னால."

அந்த மூலை வீடு வாத்தியாரின் கோட்டை. மாடித் தளம் உண்டு, படிக்கட்டு கிடையாது. ஆட்டம் தொடங்கும்போதே மாடியில் ஒரு ஆளை நிறுத்திவிட்டால், மற்றவர்கள் ஏற வழியில்லை என்பது அவர்கள் வைத்திருந்த விதி. வாத்தியார் வாராவாரம் அங்கே குறிபார்த்துச் சுடுகிறவனை நிறுத்தி மருந்துக்கடைக்காரரின் படையைக் காலி செய்துகொண்டிருந்தார். இப்போது பின்சுவரில் விரல் நீளத்துக்கு ஒரு ஏணி சாய்ந்து நின்றது. மருந்துக்கடைக்காரர் தன் ஆளை அதில் ஏற்றினார், பகடையை உருட்டினார், கோட்டை விழுந்தது.

"இது அநியாயம். இந்த ஊர்ல ஏணியே கிடையாது" என்றார் வாத்தியார்.

"கண் முன்னாடி இருக்கே சார்."

இரண்டு பேரும் பல்லம்மாவைப் பார்த்தார்கள். அவள் ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் செய்யவில்லை. செய்யவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள் என்றும் தெரியவில்லை.

அடுத்த வாரம் கடைத்தெருப் பலகையில் இரண்டு சுவருக்கு நடுவே கொடி கட்டித் துணி காய்ந்தது. அதற்கடுத்து, ஒரு மாடியிலிருந்து எதிர்வீட்டு மாடிக்குப் பலகைப் பாலம் வந்தது. முதலில் அவளுக்குக் கோபம்தான். ஆனால் பாலத்தைத் தூக்கிப் பார்த்தபோது கோபம் பாதி இறங்கிவிட்டது. நடுவில் லேசாகத் தொய்ந்திருந்தது. பலர் நடந்து நடந்து தொய்ந்த மாதிரி. இதை யோசித்துச் செய்தவர் யார்?

புருஷனைப் பிடித்தாள். "நானா? எனக்கு எதிரா நானே ஏணி வெச்சுக்குவேனா? தோத்தது யாரு?" என்றார். அதில் நியாயம் இருந்தது. மருந்துக்கடைக்காரரோ ஞாயிறு தவிர அந்த வீட்டுப் பக்கம் வருகிறவர் அல்ல.

மிச்சம் இருந்தது வாத்தியாரின் தம்பி. டவர் கிரேன் ஓட்டுகிறவன். காக்கை பறக்கிற உயரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன், குளியலறையில் சோப்பின் மேல் கால் வைத்து எலும்பை முறித்துக்கொண்டான். வெட்கத்தில் எல்லோரிடமும் "கீழ விழுந்துட்டேன்" என்று மட்டும் சொல்லிவைத்தான். கேட்டவர்கள் பயந்துபோய் அண்ணாந்து பார்த்தார்கள். காலில் மாவுக்கட்டோடு, ஊர்ப் பலகைகள் அடுக்கிய கீழறையில்தான் அவன் படுத்திருந்தான். ஆனால் அவன் அந்தப் பலகைகளை ஏறெடுத்துப் பார்த்ததாகவே அவளுக்கு நினைவில்லை. கேட்டால் "சாப்பிட்டேன் அண்ணி", "வலி இல்ல அண்ணி", அதோடு சரி.

யாரையும் கேட்டுப் பயனில்லை என்று, துணிக்கொடிப் பலகையைத் துணிப்பையில் போட்டு வேலைக்கு எடுத்துப் போனாள். சாப்பாட்டு இடைவேளையில் விளக்கைக் கிட்டே இழுத்து, பல் பார்க்கிற பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். கொடியில் காய்ந்த போர்வை ஓட்டை ஓட்டையாக நெய்த துணி. கயிறும் அதிலிருந்து உருவிய நூல். அவளுக்குத் தெரியாத துணியா அது? கட்டுத் துணி. வீட்டில் கட்டுப் போட்டிருப்பது ஒரே ஒரு ஆள். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, கால்ல அரிக்குதா?"

"பழகிப்போச்சு அண்ணி."

"கட்டு ஓரத்துல பிரிஞ்சிருக்கே."

அவன் பிரிந்த ஓரத்தை விரலால் உள்ளே மடித்தான். பிறகு, "போர்வைக்கு வேற துணி சரியா வரல அண்ணி. எல்லாம் முரடா இருந்துச்சு" என்றான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க. தொட்டுட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றது?"

"சரி, என்னத்துக்குத் தொட்டே? அதைச் சொல்லு."

அவன் எழுந்து உட்கார்ந்து, எக்கி, அடுக்கிலிருந்து ஒரு பலகையை உருவி மடியில் வைத்துக்கொண்டான். "எனக்கு எல்லாத்தையும் மேல இருந்து பார்த்துதான் பழக்கம். கீழ நடக்கறவன் எந்தச் சந்துல நுழையறான், எங்க வெளிய வர்றான்னு பார்த்துட்டே இருப்பேன். இதையும் அப்படிப் பார்த்தேன். மூலை வீட்டு மாடில இருக்கறவன் இறங்கவே முடியாது அண்ணி. ராத்திரி பகலா அதே யோசனை. அவன் தண்ணிக்கு என்ன பண்ணுவான்?"

"சிப்பாயா? அவனை உங்க அண்ணன்தான் தூக்கி வெக்கிறாரே."

"சிப்பாய் இல்ல. அங்க குடியிருந்தவன்."

விரிசலுக்கு ஊசி, புகைக்கரிக்கு உலர்ந்த தூரிகை, பாசிக்கு மூன்று விதப் பச்சை என்று பார்த்துப் பார்த்துச் செய்தவள் பல்லம்மா. ஒரு வீட்டில்கூட அடுப்படி எது என்று அவளுக்குத் தெரியாது. மடியிலிருந்த பலகையை வாங்கித் தன் பக்கம் திருப்பினாள். "இந்த வீட்ல எத்தனை பேர் இருந்திருப்பாங்க?" என்று கேட்டாள்.

"சின்ன வீடுதான். ஆனா ஜன்னல் நிறைய வெச்சிருக்கீங்க. வாடகைக்கு விட்டிருப்பாங்க."

"அப்ப மாடிக்குத் தனி வாசல் வேணுமே."

"அதைத்தான் சொல்றேன்."

அன்றிலிருந்து அவள் வேலை முடிந்து வந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ரொட்டிக்கடை எங்கே, மாவு மூட்டை எந்தச் சந்து வழியாக வரும், கால்வாயில் துணி துவைக்கிறவள் எங்கே கல் போட்டிருப்பாள் என்று இருவரும் பேசிப் பேசி ஊரைத் திறந்தார்கள். சோற்றுக்கு வழி என்ன என்று வாத்தியார் வாசலில் வந்து நின்றார். "அரிசி களைஞ்சு வெச்சிருக்கு, அடுப்பை நீங்களே மூட்டிக்குங்க" என்று தலை நிமிராமல் சொன்னாள். அவர் மூட்டிக்கொண்டார்.

ஊருக்கு வழி வந்ததும் ஆள் வேண்டும் என்று தோன்றியது. பல் செதுக்குகிற மெழுகில் பல்லம்மா மனிதர்களைச் செய்தாள். கூடை தூக்கினவள், குழந்தையை இடுப்பில் வைத்தவள், சைக்கிளைத் தள்ளுகிறவன், மூட்டையோடு ஒரு கிழவர். செய்து மேசையில் நிறுத்திவிட்டு, "இனிமே ஆட்டத்துக்கு மூணு பக்கம். இவங்க தம்பியோட ஆளுங்க. இவங்களைச் சுடக் கூடாது. எல்லாரையும் ஊருக்கு வெளிய கொண்டுபோய்ச் சேர்த்தா அவன் ஜெயிச்சான்" என்றாள்.

வாத்தியார் மோவாயைத் தடவினார். "விதி எழுதணுமே." எழுதினார். அதில் அவருக்கு ருசி உண்டு.

ஞாயிறன்று கிரேன்காரனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து, மாவுக்கட்டுக் காலை ஒரு ஸ்டூலில் நீட்டி உட்கார வைத்தார்கள். ஆட்டம் சூடு பிடிக்கவில்லை, சிக்கிக்கொண்டது. மருந்துக்கடைக்காரர் குறி வைத்தால் நடுவே கூடைக்காரி வந்து நின்றாள். வாத்தியார் சந்தில் படையை நுழைத்தால் சைக்கிள்காரன் எதிரே வந்தான்.

"இவங்க குறுக்க குறுக்க வந்தா எப்படிச் சார் சுடுறது?" என்று மருந்துக்கடைக்காரர் அலுத்துக்கொண்டார்.

"ஊருன்னா அப்படித்தாண்ணே" என்றாள் பல்லம்மா. முதல் தடவையாக அவளும் மேசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பொழுது சாய்வதற்குள் எல்லோரும் வெளியேறிவிட்டார்கள், மூட்டைக் கிழவர் தவிர. அவர் மாடிப் பாலத்தின் நடுவில் நின்றார். எதிர்மாடியில் வாத்தியாரின் கடைசிச் சிப்பாய் சுவர் மறைவில் பதுங்கியிருந்தான். அவன் விலகினால் வழி உண்டு. ஆனால் மறைவு போய்விடும்.

வாத்தியார் குனிந்து பார்த்தார். இஞ்சு டேப்பை வைத்து அளந்தார். மறுபடியும் கிழவரைப் பார்த்தார். "இந்த ஆளு மூட்டைல என்னதான் வெச்சிருக்காரு?" என்று மனைவியிடம் கேட்டார்.

"எனக்கு என்ன தெரியும்? போகும்போது கேளுங்க."

அவர் பெருமூச்சு விட்டுச் சிப்பாயை நகர்த்தினார். கிழவர் இறங்கிப் போனார். மருந்துக்கடைக்காரர் பகடையை உருட்டி அந்தச் சிப்பாயைச் சாய்த்தார். "மன்னிச்சுக்குங்க சார், கிடைச்சதை விட மனசு வரல" என்றார். வாத்தியார் விழுந்த சிப்பாயை எடுத்து ஓரமாக வைத்தார். ஆனால் அன்று தோற்றவர் முகமாக அது இல்லை.

கட்டுப் பிரித்ததும் கிரேன்காரன் வேலைக்குத் திரும்பினான். சில நாள் கழித்துக் கேபினிலிருந்து ஒரு படம் எடுத்துப் பல்லம்மாவுக்கு அனுப்பினான். கீழே அவர்கள் ஊர், அவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே. அவள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். எல்லா மொட்டைமாடியும் தெரிந்தது: தண்ணீர்த் தொட்டி, வெயிலில் போட்ட தலையணை, கால் உடைந்த நாற்காலி. ஒரு மாடியில் மட்டும் நீலமாக, வட்டமாக, நடுவில் கம்பு நட்டு ஏதோ ஒன்று. உடனே அவனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, அந்த நீலமா இருக்கறது என்னது?"

"தெரியல அண்ணி. நானும் ரொம்ப நாளாப் பார்க்கறேன். காலைல ஒருத்தர் வந்து அதைக் கொஞ்சம் திருப்பி வெச்சிட்டுப் போறாரு."

"எதுக்குத் திருப்புறாரு?"

"அதுதான் தெரியல."

மறுநாள் வேலைக்குப் போகும்போது சுற்று வழியில் போய் அந்த வீட்டு எதிரே நின்று அண்ணாந்து பார்த்தாள். கைப்பிடிச் சுவர்தான் தெரிந்தது. சாயங்காலம் புதுப் பலகை ஒன்றில் அந்த மாடியைக் கட்டி, கண்ட அளவுக்கு அந்த நீல வட்டத்தையும் கம்பையும் செய்து, ஒட்டாமல், திருப்புகிற மாதிரி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாததால் கிரேன்காரனும் மேசைக்கு வந்திருந்தான். வாத்தியார் அதை விரலால் திருப்பிப் பார்த்தார். "இது என்னம்மா? இதுக்குப் பின்னால ஆள் ஒளியலாமா?"

"தெரியாதுங்க. அங்க இருக்குது, அதனால வெச்சேன்" என்றாள் பல்லம்மா.

மருந்துக்கடைக்காரர் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். பகடை மேசையில் அப்படியே கிடக்க, நால்வரும் அது என்னவாக இருக்கும் என்று பேச ஆரம்பித்தார்கள்.