வாசலில் நிற்கிறவன்

அன்று மதியம் கோட்டைக்குப்பத்து ஏரிக்கரையில், மீன் வைக்கிற ஐஸ் அறையில் இருந்தவர்கள்: அறைக்குச் சொந்தக்காரர் பெலிக்ஸ், அவர் மனைவி பெனிட்டா, வெல்டர் வேணு, நான். நான்கு பேர். வேணுவைக் கேட்டால் ஐந்து என்பான்.

அந்த அறை தரையைவிட மூன்று படி பள்ளம். ஆறடிக்கு ஆறடி. உள்ளே சுற்றிலும் இரும்புத் தகடு. உப்பு தின்று கீழ்த்தகட்டின் மூலையில் ஓட்டை விழுந்திருந்தது. மெல்லிய தகட்டில் வெல்டிங் ராடு வைத்தால் ஓட்டை பெரிதாகும். அதனால் கம்பி தானாக வெளியே வருகிற மெஷினைக் கொண்டுபோனோம். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஊரில் அதைச் சரியாக அமைக்கத் தெரிந்தவன் நான்தான். ஆனால் வெல்டிங் வைக்கிற டார்ச்சை நான் தொடுவதில்லை. மெஷினை அமைத்துக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பேன்.

காரணம் மாரி. தொழிற்பேட்டையில் நைட் ஷிப்டில் என்னோடு இருந்தவர். ஒரு டேங்குக்குள் இறங்கி வெல்டிங் வைத்தார். உள்ளே ஒருவர் இருந்தால் வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். அன்று நிற்க வேண்டியவன் நான். டீ குடிக்கப் போனேன். பத்து நிமிடம். திரும்பி வந்தபோது அவர் தூங்குகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மூச்சு இல்லை. வாசலை விட்டு நகரவில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் வேலையை விட்டேன். டீ குடிக்கப் போனதை யாரிடமும் சொன்னதில்லை.

கம்பிச் சுருளை மாட்டினேன். டார்ச்சிலிருந்து வரும் கம்பியை மரத்துண்டில் முட்டவிட்டு, அதைத் தள்ளுகிற உருளையின் இறுக்கம் பார்த்தேன். கம்பி வளைய வேண்டும், உள்ளே சிக்கக் கூடாது. துருவைச் சுரண்டிய இடத்தில் எர்த் கிளாம்பைக் கவ்வவிட்டேன். உருகும் இரும்பைக் காற்று தொடாமல் காக்கிற ஆர்கான் கலந்த வாயு சிலிண்டரை வெளியே தூணோடு சங்கிலியால் கட்டி, வாயு மீட்டரைப் பதினைந்தில் வைத்தேன்.

"சேமியா புழியற மிஷினுக்கு இம்மாம் பூஜையா மாமே?" என்றான் வேணு.

அவன் இடுப்பில் படகுக் கயிற்றைக் கட்டினேன்.

"இன்னாத்துக்கு இது? நண்டு மாதிரி கட்டி ஏலம் வுடப் போறியா?"

"நீ தண்ணி நண்டு. உள்ள சதையே இல்ல. உன்ன எவன் எடுப்பான்?" என்றாள் பெனிட்டா.

வேணு உள்ளே இறங்கினான். பன்னிரண்டு மணிக்கு மேல் கடல்காற்று ஏறியது. முதல் வெல்டிங் பற்று ஆப்பம் மாதிரி பொத்தல் பொத்தலாக வந்தது. காற்று வாயுவைக் கலைத்தால் அப்படித்தான் வரும். மீட்டரை இருபத்தைந்துக்கு ஏற்றினேன். அப்போதும் பொத்தல்.

"கதவ சாத்து மாமே. எல்லாத்தையும் காத்து அட்ச்சினு போவுது" என்றான் உள்ளேயிருந்து.

கேபிளும் கயிறும் போகிற அளவுக்கு இடைவெளி விட்டுச் சாத்தினேன். இடைவெளியில் சாக்கைச் செருகினேன். மீட்டரைக் குறைக்கவில்லை. அது என் தப்பு.

உள்ளே எண்ணெயில் நெத்திலி பொரிகிற சத்தம். மெஷின் சரியாக ஓடினால் அப்படிக் கேட்கும். அரை மணி நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன். பெலிக்ஸ் டீ வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

சத்தம் நின்றது. வேணு பேசுவது கேட்டது.

"நீ எப்டி நைனா உள்ள வந்த? குந்து, குந்து."

பெலிக்ஸ் என்னைப் பார்த்தார். பெனிட்டா அவர் பக்கத்தில் இருந்தாள். மூன்று பேரும் வெளியே.

"வேணு!"

பதில் இல்லை. நெத்திலிச் சத்தமும் திரும்ப வரவில்லை. சாக்கைப் பிடுங்கிக் கதவைத் திறந்தேன். சிலிண்டரை மூடினேன். பெலிக்ஸ் படியில் காலை வைத்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"எறங்கினா நீங்களும் வுழுவீங்க. கயிற புடிங்க."

வேணு ஐம்பது கிலோகூட இருக்க மாட்டான். மூன்று பேர் இழுத்தும் கயிறு அசையவில்லை. எதிலும் மாட்டவும் இல்லை, எனக்குத் தெரிந்தது. இரண்டு ஆள் எடை. முதல் படி. இரண்டாம் படி. மூன்றாம் படியில் திடீரென்று கயிறு லேசானது. நாங்கள் பின்னால் விழுந்தோம். வேணு எங்கள் கால்மாட்டில் கிடந்தான், உதடு நீலமாக. கன்னத்தில் அறைந்தேன். இருமினான்.

பெலிக்ஸ் லைட்டரைப் பற்றவைத்து உள்ளே நீட்டினார். கீழ்ப்படியில் யாரோ விரலால் நசுக்கின மாதிரி அணைந்தது.

"காத்தே இல்லியே. யாரு ஊதுனா?"

"யாரும் ஊதல. அந்த வாயு கனமானது. பள்ளத்துல தண்ணி மாதிரி தேங்கும். மூச்சு முட்டாது, நாறாது. தூக்கம்தான் வரும்."

டார்ச்சை வெளியே இழுத்துப் பார்த்தேன். சுவிட்சை விட்டாலும் வாயுவை நிறுத்தாத பழைய வால்வு. அரை மணி நேரமும் ஒழுகியிருக்கிறது. இது எல்லாவற்றுக்கும் விளக்கம். கயிற்றின் எடையைத் தவிர.

வேணு எழுந்து உட்கார்ந்தான். "அந்தாளு எங்க?"

"எந்த ஆளு?"

"நீல சட்டக்காரரு. ஒரு கையில கிளவுஸ் இல்ல. வா நைனா, வெளிய போலாம்னேன். வாசல்ல நிக்கிறவன் டீ குடிக்கப் போயிருக்கான், வந்தாத்தான் போவணும்னாரு."

மாரியின் ஒரு கை கிளவுஸ் அந்த டேங்கின் வாசலில் கிடந்தது. அதைக் கடைசிவரை யாரும் எடுக்கவில்லை.

பெலிக்ஸ் ஆட்டோ பிடித்து வேணுவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் பெரிய மின்விசிறியை வாசலில் வைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். மறுபடி லைட்டரை நீட்டினேன். கீழ்ப்படியிலும் எரிந்தது. விசிறியை நிறுத்தினேன்.

பெனிட்டா பூட்டோடு வந்தாள். "சாத்தலாமா?"

"கொஞ்சம் இருங்கக்கா."

கயிற்றின் ஒரு முனையை உள்ளே போட்டேன். "மாரியண்ணே" என்றேன். "டீ குடிக்கப் போனவன் நான்தான். வந்துட்டேன்."

பெனிட்டா சிலுவை போட்டுக்கொண்டாள்.

கயிறு இறுகியது. மெதுவாக இழுத்தேன். முதல் படி. இரண்டாம் படி. மூன்றாம் படியில் லேசானது. ஈரமில்லாத, சூடில்லாத ஏதோ ஒன்று என் தோளை உரசிக்கொண்டு ஏரிப்பக்கம் போனது. நாங்கள் வழிவிட்டு நின்றோம்.

பெனிட்டா கதவைச் சாத்திப் பூட்டினாள்.