பதினொன்றாம் நாள் தாள்

பதினைந்து வாரப் பாடத்தைப் பதினைந்து நாளில் நடத்தி முடிக்க வேண்டும். குளிர்கால விடுமுறையில் கல்லூரி நடத்தும் ஆன்லைன் வகுப்பு அப்படித்தான். புள்ளியியல் ஆசிரியை சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்களைப் பரப்பி, எதை வெட்டுவது, எதை விடுவது என்று நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். ஒரு மணி நேர விரிவுரைகளைப் பன்னிரண்டு நிமிடத் துண்டுகளாக்கிப் பதிவு செய்தாள். காலையில் நேரடி வகுப்பு. மாலை ஆறு மணிக்குள் அன்றைய பயிற்சித்தாளை அனுப்பியாக வேண்டும். இரண்டு தாள் தவறினால் தோல்வி. அந்தக் கடைசி வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. போன வருடம் கேட்டவர்களுக்கெல்லாம் அவகாசம் கொடுத்தாள், எல்லோரும் தேறினார்கள். "உங்க கோர்ஸ் என்ன, வருஷக் கடைசித் தள்ளுபடி விற்பனையா?" என்று துறைத்தலைவர் கூட்டத்தில் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். ஒப்பந்த ஆசிரியை வேறென்ன செய்வாள்?

வெளியூரில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு திரையோடு பேசிக்கொண்டிருக்க, அவள் தனியாகச் சாப்பிட்டாள், தனியாகத் தூங்கினாள். "உன் வகுப்புல நானும் சேந்திருக்கலாம்மா. முகத்தையாவது பாத்திருப்பேன்" என்றாள் ஒருநாள். விளையாட்டாகச் சொன்னாளா, குத்திக் காட்டினாளா என்று யோசிக்க ஆசிரியைக்கு நேரமில்லை.

வகுப்பில் முப்பத்திரண்டு பேர். அவர்களில் ஒருவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், நாற்பதைத் தாண்டியவர். வேலைக்குக் கொடுத்த போனிலிருந்து சேர்வதால் திரையில் பெயருக்குப் பதில் 'வண்டி 7' என்று வரும். சின்னப் பிள்ளைகளும் "வண்டி ஏழு அண்ணே" என்றுதான் கூப்பிட்டார்கள். நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து, ஸ்டீயரிங் மேல் நோட்டை வைத்து எழுதுவார். இந்த ஒரு பாடம்தான் பாக்கி. தேறினால் பட்டம், பட்டம் வந்தால் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. "முதுகு போயிடுச்சு மேடம். இன்னும் எத்தனை நாளைக்கு ஸ்ட்ரெச்சர் தூக்குறது?" என்றார் முதல் நாள்.

நான்காம் நாள் தாளைத் தவறவிட்டார். பதினொன்றாம் நாள் காலை வகுப்பில் ஆளையே காணோம். மாலை ஆறரைக்கு அழைத்தார்.

"மேடம், பாதி போட்டுட்டேன். ஒரு மணி நேரம் குடுத்தீங்கன்னா முடிச்சிடுவேன்."

"ஏன் முடியல?"

"டியூட்டி மேடம்."

"டியூட்டி எல்லாருக்கும்தான் இருக்கு. உங்களுக்கு மட்டும் திறந்துவிட்டா மத்தவங்க என்னைக் கேக்க மாட்டாங்களா?"

அந்தப் பக்கம் யாரோ ஏதோ கத்தினார்கள். "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டார்.

ஒரு பொத்தானை அழுத்தினால் தாள் அனுப்பும் பக்கம் திறந்துவிடும். அவள் அழுத்தவில்லை. கறாராக நின்றுவிட்டோம் என்று கொஞ்சம் நிறைவாகக்கூட இருந்தது.

அதன்பின் அவர் வகுப்புக்கு வரவில்லை. மதிப்பெண் பட்டியலை அனுப்பிய மறுநாள், காலைச் சாப்பாட்டின்போது மகள் போனில் எதையோ படித்து உச்சுக்கொட்டினாள்.

"அந்தப் பஸ் விபத்துல இன்னொருத்தரும் போயிட்டாராம்மா."

"எந்த விபத்து?"

"பனிமூட்டத்துல கவுந்துச்சே. நான் அன்னிக்கே கதவைத் தட்டிச் சொன்னேன். நீ ஹெட்போன் போட்டிருந்த."

வாங்கிப் பார்த்தாள். பதினொன்றாம் நாள் விடிகாலை. கூடவே ஒரு படம்: பின்கதவு திறந்த வண்டி, பக்கவாட்டில் ஏழு என்ற எண். அந்த ஓட்டுநர் இருட்டும்வரை ஒன்பது நடை போய்வந்தார் என்று எழுதியிருந்தது. தட்டைத் தள்ளிவைத்தாள்.

உடனே துறைத்தலைவரை அழைத்தாள். "பட்டியல் மேல போயாச்சும்மா. விதி நீங்க எழுதினது. நான் கையெழுத்துதான் போட்டேன்" என்றார் அவர். தவறு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு பதிவாளருக்கும் எழுதினாள். மூன்று நாள் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: இயலாது.

ஓட்டுநரை அழைத்தாள்.

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"செத்தவங்களைக் காட்டி மார்க் கேக்குற மாதிரி இருக்கும் மேடம்."

"அடுத்த விடுமுறைல சேருங்க. நானே கூட இருந்து..."

"இல்லைங்க. இது மூணாவது தடவை. வீட்லயும் போதும்னுட்டாங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க." பின்னால் ஒலிபெருக்கி எதையோ அறிவித்தது. "வரேன் மேடம், கூப்பிடுறாங்க."

மகள் ஊருக்குக் கிளம்பப் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆசிரியை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"உனக்குத் தெரியாதேம்மா. நீ வேணும்னா செஞ்ச?"

"வேணும்னுதான் செஞ்சேன்" என்றாள் அவள். "அவர் கெஞ்சுறது காதுல விழுந்துச்சு. அப்பவும் நான் துறைத்தலைவர் முகத்தைத்தான் நெனச்சுட்டிருந்தேன்."

மகள் கையில் இருந்த சட்டையை மடித்து முடித்து, அடுத்ததை எடுத்தாள்.