பிரசவம் பார்த்தவர்

“அந்த ஒரு கட்டத்தைக் காலியா விட்டுட்டுக் குடுத்துடு. எவன் பாக்கப் போறான்?” என்றான் கணவன். லாரிச் சாவியை விரலில் சுழற்றியபடி வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

“காலியா விட்டா விண்ணப்பமே தள்ளுபடின்னு கீழேயே போட்டிருக்குங்க,” என்றாள் மனைவி. விண்ணப்பம் கொடுக்க அன்றுதான் கடைசி நாள்.

பக்கத்து மாநிலத்தில் படித்து, பதிவு செய்து, பிரசவ வார்டில் ஆறு வருஷம் நின்ற நர்ஸ் அவள். கல்யாணமாகி எல்லையைத் தாண்டியதும் அவள் உரிமம் வெறும் காகிதமாகிவிட்டது. அவன் ஓட்டுநர் உரிமமோ எந்த மாநிலத்திலும் செல்லும். பெண்தான் புருஷன் ஊருக்குப் போக வேண்டும் என்று விதித்தவர்களுக்கு, அவள் படிப்பும் கூடவே வரட்டும் என்று தோன்றவில்லை. என்ன அநியாயம் இது! ஏழு வருஷமாக ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆயா வேலை.

இப்போது புதுச் சட்டம் வந்திருக்கிறது. வெளிமாநில உரிமம் இனி இங்கேயும் செல்லும். ஆனால் கடைசி இரண்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்ததற்குச் சான்று வேண்டும்; அந்தக் கட்டம் அதற்குத்தான். வேலை பார்க்கக் கூடாது என்று தடுத்தவர்களே, ஏன் பார்க்கவில்லை என்று கேட்கிறார்கள்.

“இருக்கற வேலையைப் பாத்துக்கிட்டுக் கிடக்காம, இதெல்லாம் எதுக்கு?” மாமியார் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். “ஏற்கெனவே சம்பந்தியம்மா கேக்கறா, உங்க மருமக ஆஸ்பத்திரியில தரை துடைக்கறாளாமேன்னு. மானம் போகுது.”

“அதுக்குத்தான் அத்தை எழுதறேன்,” என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸிடம் கடிதம் கேட்கலாம் என்று போனவளை, அந்தப் பெண்ணே வழியில் ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். இவளைவிட வயதில் சின்னவள்.

“அக்கா, சீக்கிரம் வாங்க! தலை வந்துடுச்சு, தோள் மாட்டிக்கிச்சு. டாக்டரம்மா இன்னும் வந்து சேரலை.”

கை கழுவி உறை மாட்ட எவ்வளவு நேரமாகும்? “முட்டி ரெண்டையும் வயித்தோட மடக்கிப் பிடி,” என்றாள் இன்னொரு ஆயாவிடம். தலைமை நர்ஸிடம் திரும்பினாள். “ நீ அடிவயித்துல அழுத்து. மேல இல்ல, இங்க! அம்மா, நான் சொல்ற வரைக்கும் முக்காதீங்க, தங்கம்.” குழந்தை நீலமாக வந்தது, முதுகைத் தேய்த்ததும் வீறிட்டது.

டாக்டர் வந்தபோது அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பதிவேட்டில், பிரசவம் பார்த்தவர் என்ற இடத்தில், தலைமை நர்ஸ் வழக்கம்போலத் தன் பெயரை எழுதினாள்.

“கடிதமா? ஐயோ, அக்கா!” விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது. “ஆயாவை விட்டுப் பிரசவம் பாத்தோம்னு நானே எழுதிக் குடுக்கவா? என் உரிமம் போயிடும். உங்களையும் உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க. நீங்க இல்லைன்னா இங்க எத்தனை உசுரு போயிருக்கும்னு எனக்குத் தெரியாதா? ஆனா எழுத முடியாது, அக்கா.”

அவள் அழுதாள். இவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனால் யார் மேல் காட்டுவது?

உரிம அலுவலகத்தின் ஜன்னலை மூடப் பத்து நிமிஷம் இருந்தது. நின்றபடியே, சுவரில் தாளை வைத்து அந்தக் கட்டத்தை நிரப்பி நீட்டினாள். எழுத்தர் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

“ரெண்டு வருஷத்துல நாப்பத்தியொரு பிரசவம். ஆயாவா இருந்துக்கிட்டே. ஏம்மா, இது அனுபவமா, குற்ற வாக்குமூலமா?”

“ரெண்டும்தான் சார். வேற யார் பேரும் எழுதலை, என் பேரு மட்டும்தான்.”

“இதை நான் வாங்கினா உங்க மேல கேஸ் போடணும். பேசாம கிழிச்சுட்டு வீட்டுக்குப் போங்க.”

 அவள் ஜன்னல் கம்பியை விடவில்லை.

“போடுங்க சார். உரிமம் இல்லாம நர்ஸ் வேலை பாத்தாள்னு அதுல எழுதுவீங்கல்ல? முத்திரை வெச்சு ஒரு நகல் குடுங்க. அனுபவச் சான்று கேட்டிருக்கீங்களே, அதையே இதோட இணைச்சுடறேன்.”